ஆளுநர் கொடுத்த நாற்காலி பிரைமரியில் ஏன் ஆடுகிறது?

அமெரிக்க அரசியலில் 'பதவியில் இருக்கும் செனட்டர்' என்று கேட்டதும், உட்கட்சித் தேர்தலான பிரைமரியில் அவரை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொள்கிறோம். ஓட்டு வாங்கி வந்தவருக்கு அது பெரும்பாலும் சரி. நியமனத்தில் வந்தவர் கதை வேறு. அலுவலகம், ஊழியர்கள், கமிட்டி இடம் எல்லாம் அவருக்கும் உண்டு. ஆனால் அந்த இருக்கைக்காக மாநிலத்தில் ஒருவர்கூட அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை. அமெரிக்காவில் ஓட்டுரிமை உள்ள தமிழர்களும், தொலைவிலிருந்து இந்தத் தேர்தல்களைக் கவனிப்பவர்களும் அடிக்கடி தவறாகக் கணிக்கும் இடம் இது.

முதலில் சட்டம். நம் மாநிலங்களவை உறுப்பினர்களைப் போல, அங்கும் ஒரு காலத்தில் சட்டமன்றங்கள்தான் செனட்டரைத் தேர்ந்தெடுத்தன. 1913-இல் வந்த 17-ஆவது திருத்தம் அதை மக்கள் கைக்கு மாற்றியது. இடையில் இடம் காலியானால் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். அதுவரை தற்காலிகமாக ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ஆளுநருக்குக் கொடுக்கலாம். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுத்த மாநில அரசின் தலைவர். நம் ஊர்க் கணக்கில் முதலமைச்சர். விஸ்கான்சின், ஓரிகான், வடக்கு டகோட்டா, ரோட் தீவு போன்ற சில மாநிலங்கள் இந்த அதிகாரத்தைத் தரவில்லை. கென்டக்கி 2024-இல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மற்ற மாநிலங்களில் நியமனம்தான் நடைமுறை. வயோமிங்கிலும் ஹவாயிலும் காலியான இடத்துக்குரிய கட்சி மூன்று பெயர் கொடுக்கும். அதிலிருந்துதான் ஆளுநர் எடுக்க வேண்டும்.

நியமன செனட்டரை எதிர்த்துச் சொந்தக் கட்சியிலேயே ஒருவர் இறங்கப்போகிறார் என்றால், கருத்துக்கணிப்பைப் புரட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று: நியமனம் எப்படி நடந்தது, தேர்தல் எப்போது, ஓட்டுச்சீட்டு எந்த வகை. என் கணிப்பில் ஜனாதிபதியின் ஆதரவு இவற்றுக்குப் பிறகுதான்.

அலபாமா 2017 இதற்குப் பாடப்புத்தகம். செனட்டர் ஜெஃப் செஷன்ஸ் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரலாகப் போனதும், அந்த இடத்துக்கு லூதர் ஸ்ட்ரேஞ்சை ஆளுநர் ராபர்ட் பென்ட்லி நியமித்தார். ஸ்ட்ரேஞ்ச் அப்போது மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல். பென்ட்லியைப் பதவி நீக்குவது பற்றி விசாரித்துக்கொண்டிருந்த சட்டமன்றக் குழுவிடம், விசாரணையைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள் என்று மூன்று மாதம் முன்புதான் அவர் கேட்டிருந்தார். இந்த இரண்டையும் முடிச்சுப்போட எதிராளிக்கு ஒரு விளம்பரம் போதும். ஏப்ரலில் பென்ட்லி குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். இரண்டாவது அடி காலண்டரில் விழுந்தது. 2018 நவம்பருக்கு பென்ட்லி குறித்திருந்த இடைத்தேர்தலை, அடுத்து வந்த ஆளுநர் கே ஐவி 2017 டிசம்பர் 12-க்கு இழுத்துவந்தார். கறையைத் துடைக்க ஸ்ட்ரேஞ்சுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு முழு ஆண்டு போயிற்று. ஆகஸ்ட் 15 குடியரசுக் கட்சிப் பிரைமரியில் ராய் மூர் சுமார் 39 சதவீதம், ஸ்ட்ரேஞ்ச் 33, மோ புரூக்ஸ் 20. பாதிக்கு மேல் யாருக்கும் இல்லாததால் செப்டம்பர் 26-இல் இரண்டாம் சுற்று. ஸ்ட்ரேஞ்சுக்காக டிரம்ப் நேரில் வந்து பேசினார்; கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானலுக்கு நெருக்கமான நிதி அமைப்பு மில்லியன்கணக்கில் டாலரைக் கொட்டியது. மூர் 55-க்கு 45 என்று ஜெயித்தார். புரூக்ஸின் ஓட்டு ஸ்ட்ரேஞ்ச் பக்கம் போதுமான அளவு வரவில்லை. முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் 'இவர் வேண்டாம்' என்று சொல்லிவிட்ட ஒரு பதவியாளருக்கு, இரண்டாம் சுற்றில் புதிதாக ஓட்டு எங்கிருந்து வரும்? டிசம்பரில் மூரும் தோற்றார். ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் சுமார் 22,000 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

நியமனத்தில் ஊழல் வாடை இருந்தால்தான் ஆபத்து என்றில்லை. ஹவாயில் 2012 டிசம்பரில் செனட்டர் டேனியல் இனோயே இறப்பதற்கு முன், தன் இடத்துக்கு எம்.பி. காலீன் ஹனபூசாவை நியமிக்கும்படி ஆளுநர் நீல் அபர்க்ரோம்பிக்குக் கடிதம் கொடுத்தார். ஐம்பது ஆண்டு அந்த மாநிலத்தைக் கட்டி ஆண்டவரின் கடைசி விருப்பம் அது. அபர்க்ரோம்பி அதைத் தள்ளிவிட்டு, தன் துணை ஆளுநர் பிரையன் ஷாட்ஸை அனுப்பினார். ஹனபூசா 2014 பிரைமரியில் இறங்கினார். ஆகஸ்ட் 9 ஓட்டுப்பதிவுக்கு முந்தைய நாள்தான் இசெல் புயல் பெரிய தீவைத் தாக்கியிருந்தது. அந்தத் தீவின் பூனா பகுதியில் இரண்டு வாக்குச்சாவடிகளில் ஓட்டுப்பதிவு ஆகஸ்ட் 15-க்குத் தள்ளிப்போனது. இன்னும் தள்ளிவைக்கச் சொல்லி ஹனபூசா நீதிமன்றம் போனார், நீதிபதி மறுத்தார். கடைசியில் ஷாட்ஸ் 1,800-க்கும் குறைவான ஓட்டில் தப்பினார். அதே பிரைமரியில், நியமித்த அபர்க்ரோம்பி ஆளுநர் பதவிக்கான போட்டியில் டேவிட் இகேயிடம் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் தோற்றார். ஆளுநர் மீது இருக்கும் கோபம் அவர் கைகாட்டியவரையும் தொடும். முழுவதுமாக மூழ்கடிக்குமா என்பது, அவர் தனக்கென்று எவ்வளவு வேலை செய்துவைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஷாட்ஸ் செய்துவைத்திருந்தார்.

ஓட்டுச்சீட்டு வகைக்கு ஜார்ஜியா. 2019 கடைசியில் ஜானி ஐசக்சன் இடத்துக்கு ஆளுநர் பிரையன் கெம்ப் தேர்ந்தெடுத்தவர், அதுவரை தேர்தலில் நின்றிராத தொழிலதிபர் கெல்லி லோஃப்லர். டிரம்ப் விரும்பியது எம்.பி. டக் காலின்ஸை. அங்கே இடைத்தேர்தலுக்கு பிரைமரியே கிடையாது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் நவம்பரில் ஒரே சீட்டில்; பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கு இரண்டாம் சுற்று. கட்சிப் பிரைமரி கொண்டுவர 2020 தொடக்கத்தில் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறினால் ரத்து செய்வேன் என்று கெம்ப் எச்சரித்தார். லோஃப்லரைக் காப்பாற்றும் கணக்கு அது. நடந்தது நேர்மாறு. மே அல்லது ஜூனில் தீர்ந்திருக்க வேண்டிய உட்கட்சிச் சண்டை நவம்பர் 3 வரை இழுத்தது. காலின்ஸைவிடத் தான்தான் வலது என்று காட்ட, 'ஹூணர்களின் அட்டிலாவைவிடப் பழமைவாதி' என்று லோஃப்லர் தரப்பு விளம்பரமே ஓட்டியது. அட்லாண்டா புறநகர்ப் பெண்களின் ஓட்டைப் பிடிப்பார் என்று சொல்லித்தான் கெம்ப் அவரைக் கொண்டுவந்திருந்தார்! இருபது பேர் நின்ற அந்தச் சுற்றில் ஜனநாயகக் கட்சியின் ரஃபயேல் வார்னாக் 33, லோஃப்லர் 26, காலின்ஸ் 20 சதவீதம். 2021 ஜனவரி 5-இல் வார்னாக் 51 சதவீதத்தில் ஜெயித்தார்.

வேட்பாளர் கட்சி மாநாடு வழியாக வரும் மாநிலங்களில் இன்னொரு பொறி உண்டு. கொலராடோவில் 2009-இல் நியமனமான மைக்கேல் பென்னட்டுக்கு எதிராக மாநிலச் சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் ஆண்ட்ரூ ரோமானாஃப் நின்றார். 2010 கட்சி மாநாட்டில் ரோமானாஃபுக்கு 60 சதவீதம், பென்னட்டுக்கு 40. சீட்டில் ஏற 30 போதும் என்பதால் பென்னட் பிழைத்தார், ஆனால் பெயர் இரண்டாவதாகத்தான் வந்தது. மாநாட்டுக்கு வருபவர்கள் பல்லாண்டு கட்சித் தொண்டர்கள். அவர்கள் ரோமானாஃபைத் தெரிந்து வைத்திருந்தவர்கள். ஆகஸ்டில் தபால் ஓட்டில் பொதுக் கட்சிக்காரர்கள் வந்ததும் பென்னட் 54-க்கு 46 என்று ஜெயித்தார். மாநாட்டுத் தோல்வியைப் பார்த்துவிட்டு ஒருவர் முடிந்தார் என்று எழுதக் கூடாது.

போட்டியே வராமல் தடுப்பதுதான் கட்சித் தலைமைக்கு மலிவான வழி. நியூயார்க்கில் நியமனத்தில் வந்த கிர்ஸ்டன் கில்லிபிராண்டுக்கு எதிராக இறங்க இருந்த எம்.பி. ஸ்டீவ் இஸ்ரேலை, 2009 மே மாதம் ஒபாமாவே போனில் கூப்பிட்டு நிற்க வேண்டாம் என்றார். கொலராடோவிலும் வெள்ளை மாளிகையிலிருந்து ரோமானாஃபுக்கு அரசுப் பதவிகள் பற்றி மின்னஞ்சல் போனது. அவர் மசியவில்லை, அடுத்த ஆண்டு அது வெளியே வந்து, கட்சிக்குத்தான் சங்கடமாயிற்று.

எதிராளி பக்கத்துத் தாள் வேலையும் கொஞ்சம். 5,000 டாலருக்கு மேல் திரட்டினாலோ செலவழித்தாலோ மத்தியச் சட்டப்படி அவர் வேட்பாளர். மத்தியத் தேர்தல் ஆணையத்துக்கு 15 நாளில் படிவம் 2, பிறகு 10 நாளில் பிரசாரக் கமிட்டியின் படிவம் 1. தனிநபர் நன்கொடை 2025-26 சுற்றில் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். பிரைமரி, இரண்டாம் சுற்று, பொதுத்தேர்தல் ஒவ்வொன்றும் தனித் தேர்தல். அதனால் ஒரே ஆள் 7,000 கொடுத்தால் பாதி பொதுத்தேர்தலுக்கு உரியது. பிரைமரிக் கடைசி வாரத்தில் விளம்பரத்துக்கு அந்தப் பாதியில் கைவைத்துவிட்டுத் தோற்றால், 60 நாளில் திருப்பித் தரவோ முறைப்படி மாற்றவோ வழியில்லாமல் கடனில் மாட்டுவார்கள். புதியவர்கள் விழும் குழி பெரும்பாலும் இதுதான்.

வாக்காளருக்கு வருவோம். 2025 ஜனவரியில், துணை ஜனாதிபதியாகப் போன வான்ஸ் இடத்துக்கு ஒஹாயோவில் ஜான் ஹஸ்டெட், வெளியுறவு அமைச்சராகப் போன ரூபியோ இடத்துக்கு புளோரிடாவில் ஆஷ்லி மூடி நியமனமானார்கள். இரண்டுக்கும் இடைத்தேர்தல் 2026 நவம்பர் 3. ஜெயிப்பவருக்கு 2029 ஜனவரி வரைதான் காலம். 2028-இல் மறுபடி நிற்க வேண்டும். புளோரிடாவில் பிரைமரி 'மூடிய' வகை. அந்தக் கட்சியில் பதிவானவர்தான் போடலாம், கட்சி மாற்ற 29 நாள் முன்பே கெடு முடியும். ஒஹாயோவில் ஓட்டுப்பதிவு அன்று எந்தக் கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்குகிறீர்களோ அதுவே உங்கள் கட்சி. அலபாமாவில் ஒரு கட்சியின் பிரைமரியில் போட்டுவிட்டு மற்றதன் இரண்டாம் சுற்றுக்குத் தாவ முடியாது. 2017-இல் வந்த அந்தத் தடை முதலில் பாய்ந்ததே மூர்–ஸ்ட்ரேஞ்ச் சுற்றில்தான்.

ஒரே இருக்கை சீட்டில் இரண்டு முறை வருவதும் உண்டு. கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதியானதும் அவர் இடத்துக்கு வந்த அலெக்ஸ் படிலா, 2022-இல் கலிபோர்னியாவில் எஞ்சிய சில வாரங்களுக்கு ஒரு போட்டி, அடுத்த ஆறு ஆண்டுக்கு ஒரு போட்டி என்று இரண்டிலும் நின்றார். அச்சுப்பிழை என்று எண்ணி ஒன்றைக் காலியாக விட்டால் அந்தப் போட்டியில் உங்கள் ஓட்டு இல்லை, மற்றது செல்லும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் நன்கொடை தரலாம், ஓட்டுப் போடக் கூடாது. போட்டால் நாடுகடத்தல் வரை போகும். எச்-1பி-யில் இருப்பவர் நன்கொடையும் தரக் கூடாது. கோயில் விழாவிலோ தமிழ்ச் சங்கக் கூட்டத்திலோ வேட்பாளர் வந்து உண்டியல் நீட்டினாலும் இதுதான் சட்டம். தன் பணத்தைக் குடிமகனான உறவினர் பெயரில் கொடுக்கச் செய்வது தனிக் குற்றம்.