பக்கத்தில் ஆள் ஏற்றக்கூடாத வண்டி

தண்டுவடக் காயத்தால் சக்கர நாற்காலிக்கு வந்தவர்கள், கைகள் தேறியதும் பிசியோதெரபி அறையில் கேட்பது: “எங்களுக்குன்னு தனியா கார் ஏதாவது வருதா சார்?” தனி வண்டி வேண்டாம் என்பேன். அதைச் செய்து பார்த்த நாடு பிரிட்டன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பெர்ட் கிரீவ்ஸ் என்பவர், கால் செயலிழந்த தன் உறவினர் டெரி பிரெஸ்டன் காபுக்காக மோட்டார் வைத்த வண்டி ஒன்றைச் செய்தார். ‘இன்வாகார்’ நிறுவனம் அப்படிப் பிறந்தது. பிறகு அரசே இத்தகைய மூன்று சக்கர வண்டிகளை வாங்கி, நடக்க இயலாதவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. 1970-களில் பரவலாக ஓடியது ‘மாடல் 70’. வெளிர்நீல ஃபைபர் கிளாஸ் உடல், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு, பின்னால் 500 சிசிக்குச் சற்றுக் குறைந்த இன்ஜின். கியர் மாற்றும் வேலை இல்லை. சீட் ஒன்றுதான், பக்கத்து இடம் மடக்கிய சக்கர நாற்காலிக்கு. ஆள் ஏற்றக்கூடாது என்பது விதி. அப்பா வண்டியில் போவார், பிள்ளை பஸ்ஸில் வரவேண்டும். வழியில் நின்றுபோனால் இறங்கித் தள்ளக்கூட ஆளிருக்காது. பலத்த காற்றில் தள்ளாடுகிறது என்ற புகாரும் உண்டு.

வாசலுக்கே வந்த இலவச வண்டிதான். ஆனாலும் மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் விடாமல் எதிர்த்தன. 1976-இல் போக்குவரத்து உதவித்தொகை வந்தது. 1977-இல் தொடங்கிய ‘மோட்டபிலிட்டி’ திட்டம் மூலம் அந்தத் தொகையில் சாதாரணக் காரையே எடுக்க முடிந்தது. மிஞ்சிய நீல வண்டிகளுக்கு 2003 மார்ச் 31-உடன் சாலையில் இடமில்லாமல் போயிற்று.

இத்தனைக்கும் சாதாரணக் காரை மாற்றி ஓட்டலாம் என்பது முன்பே தெரிந்த சங்கதி. 1921-இல் கால்கள் செயலிழந்த ரூஸ்வெல்ட், அமெரிக்க அதிபராக இருந்தபோதே கைக்கருவி பொருத்திய 1936 மாடல் ஃபோர்டைத் தானே ஓட்டினார்.

இன்று ஆட்டோமேட்டிக் காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு லீவர் பொருத்துகிறார்கள். பல மாடல்களில் முன்னே தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். மறுகை ஸ்டீயரிங்கில் பதித்த குமிழைப் பிடித்துத் திருப்பும். காரை முடிவு செய்யும் முன் நாற்காலியிலிருந்து சீட்டுக்கு நீங்களே மாறிப் பாருங்கள். நாற்காலியை மடக்கி உள்ளே இழுக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். கால் திடீரென விறைத்து உதறுபவர்கள், பெடலில் கால் படாமலிருக்கத் தடுப்பு கேட்டு வாங்குங்கள். மாற்றத்தை ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் பதியவேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.