பழைய பதிப்பு ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள்

பதிப்பு ஒப்பந்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வழக்கறிஞர் என்ற முறையில், எழுத்தாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் இப்போது என்னிடம் அதிகம் கேட்பது, தங்களைக் கேட்காமலேயே தங்கள் நூலைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு, அதாவது நூல்களைக் கொடுத்து அந்த மென்பொருளைப் பழக்குவதற்கு, நிறுவனங்கள் பயன்படுத்தலாமா என்பதைத்தான். 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் மையமும் இதுவே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படைப்பை மின்னணு முறையில் சேமிப்பதையும் உரிமையாளருக்கே உரியதாக வைத்திருக்கிறது. அனுமதியின்றிப் பயன்படுத்த அதன் பிரிவு 52 தரும் நியாயமான பயன்பாட்டு விலக்கோ, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, திறனாய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கானது. வணிக நிறுவனம் நூல்களை மொத்தமாகப் படியெடுப்பதைச் சொந்தப் பயன்பாடாகக் கொள்ள இயலாது என்பதே என் கருத்து.

அமெரிக்காவில், 2025 ஜூனில், ஆந்த்ரோபிக் என்னும் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் மீது எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், பயிற்சி நியாயமான பயன்பாடே என்றும், திருட்டுத் தளங்களிலிருந்து நூல்களை இறக்கிச் சேர்த்துவைத்தது அவ்வாறாகாது என்றும் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்பளித்தார். பின்னர் 150 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. நூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிவான நூல்களுக்கே அதில் இடமிருந்தது.

நீதிமன்றங்கள் எப்படி முடிவு செய்தாலும், அனுமதி தரும் உரிமை உங்களிடம் இருக்கிறதா, பதிப்பாளரிடம் போய்விட்டதா என்பதைச் சொல்வது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான். அதன் நகல்கூடப் பலரிடம் இல்லை என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19இன்படி, எழுத்தில் கையெழுத்துடன் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கே நீடிக்கும். (பணியின் பகுதியாக எழுதிக்கொடுத்த ஊழியர்களுக்கு விதி வேறு.) 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பிரிவு 18இல் சேர்க்கப்பட்ட நிபந்தனை இன்னும் முக்கியமானது: ஒப்பந்தம் எழுதப்பட்ட நாளில் வணிகப் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தாலொழிய, உரிமை மாற்றம் பொருந்தாது. அத்திருத்தத்துக்குப் பிறகு கையெழுத்தான ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமைகளும்' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், பயிற்சி உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது என்று வாதிட இது வலுவான ஆதாரம்.

இனிக் கையெழுத்திடும் முன், இயந்திரப் பயிற்சிக்கான உரிமை ஆசிரியருக்கே உரியது என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பதிப்பாளர் அதற்கு இணங்காவிட்டால், அவ்வகையில் வரும் வருவாயில் உங்கள் பங்கு எத்தனை விழுக்காடு என்பதையாவது எழுத்தில் பெறுங்கள்.