டெஸ்ட் கோடில் இருக்கும் மதிப்பு பிரவுசருக்குள் எப்படிப் போகிறது?

பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் என்ற கருவியில் டெஸ்ட் எழுதப் பழகும்போது நான் முதலில் முட்டிக்கொண்ட இடம் இதுதான். பைத்தானில் ஊர் என்று ஒரு வேரியபிள், இரண்டு வரி கீழே, பிரவுசரில் கோடு ஓட்டும் எக்ஸிக்யூட் ஸ்கிரிப்ட் கட்டளைக்குள் எழுதிய ஜாவாஸ்கிரிப்டில் அதே ஊர், ஓட்டினால் ரெஃபரன்ஸ் எரர், அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழை.

டெஸ்ட் ஒரு புராசஸில் ஓடுகிறது, ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசர் என்ற வேறொரு புராசஸில் ஓடுகிறது. நாம் எழுதிய ஸ்கிரிப்ட் வெறும் எழுத்தாகத்தான், டெஸ்ட்டுக்கும் குரோம் பிரவுசருக்கும் நடுவே நிற்கும் குரோம்டிரைவர் வழியாக அங்கே போய்ச் சேருகிறது. பைத்தான் வேரியபிள் எதுவும் கூடவே போவதில்லை.

சரி, மதிப்பை ஸ்கிரிப்ட்டோடு ஒட்டி அனுப்பிவிடலாமே? தயவுசெய்து வேண்டாம். ஓ'பிரையன் என்று ஒரு பெயர் வந்தால் போதும், நடுவில் இருக்கும் மேற்கோள்குறி ஸ்ட்ரிங்கை அங்கேயே முடித்துவிடும். மதிப்பைத் தனி ஆர்குமென்ட்டாகக் கொடுங்கள். அது ஜேசனாக (மதிப்புகளை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) மாறிப் போகும், ஸ்கிரிப்ட்டுக்குள் ஆர்குமென்ட்ஸ்[0] என்று எடுத்துக்கொள்ளலாம். எண், ஸ்ட்ரிங், லிஸ்ட் எல்லாம் போகும், ஆனால் போவது நகல்தான்: அங்கே லிஸ்ட்டில் ஒன்றைச் சேர்த்தால் இங்கே சேராது. ஃபங்ஷன் போகாது, ஜேசனில் அதற்கு இடமில்லை.

செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட்டில் குழப்பம் இன்னும் அதிகம், ஏனென்றால் டெஸ்ட்டும் ஜாவாஸ்கிரிப்ட், பக்கமும் ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்துக்குள் கோடு ஓட்டும் எவாலுவேட்டுக்குள் எழுதும் ஃபங்ஷன் வெளியே உள்ள வேரியபிளைப் பார்க்கும் என்றே கை நம்பிவிடுகிறது. அந்த ஃபங்ஷனும் எழுத்தாக மாறித்தான் போகிறது, சுற்றியிருந்த வேரியபிள்களை விட்டுவிட்டு. அங்கே ஒரே ஒரு ஆர்குமென்ட்தான் கொடுக்க முடியும் என்பதால், நிறைய இருந்தால் ஒரு ஆப்ஜெக்ட்டில் போட்டு அனுப்ப வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி எலிமென்ட், அதாவது பக்கத்தில் இருக்கும் பட்டன், பெட்டி போன்ற ஒன்று. பட்டன் ஒன்றைத் தேடி எடுத்து அதையே ஆர்குமென்ட்டாகக் கொடுத்தால் வேலை செய்கிறது, ஆனால் பட்டனை எப்படி ஜேசனாக்குவது? ஆக்குவதே இல்லை. கோவில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோமே, அது மாதிரி: பட்டன் பிரவுசரிலேயே இருக்கிறது, நம் கையில் இருப்பது அதன் அடையாளக் குறி மட்டும். ஆர்குமென்ட்டில் அந்தக் குறி வந்தால், டிரைவர் அதற்குரிய உண்மையான பட்டனை எடுத்து ஸ்கிரிப்ட்டிடம் கொடுக்கிறது. வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2018-இல் ஆன, பிரவுசரை இயக்குவதற்கான வெப்டிரைவர் விதிகளிலேயே இது இருக்கிறது.

கையில் இருக்கும் எலிமென்ட் இப்போது பக்கத்தில் இல்லை என்று சொல்லும் ஸ்டேல் எலிமென்ட் பிழையும் இங்கிருந்துதான் வருகிறது. பக்கத்தை வரையும் ரியாக்ட் போன்ற லைப்ரரி ஒன்று பழைய பட்டனைத் தூக்கிவிட்டு, பார்க்க அதே மாதிரி இருக்கும் புதியதை வைத்துவிடும், நம் டோக்கனோ பழைய பட்டனுக்கு உரியது. அப்போது ஸ்லீப் போட்டுக் காத்திருந்து பயனில்லை, எலிமென்ட்டை மறுபடி தேடி எடுத்து அனுப்புங்கள்.