கினபாத்தாங்கான் ஆற்றில் படகேறுவதற்கு முன்

மலேசியாவின் சபா மாநிலத்தில் 560 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் கினபாத்தாங்கான் ஆற்றுக்குச் சிறு குழுக்களை அழைத்துச் செல்வது என் தொழில். புறப்படும் முன்பே பலரும் கேட்பது, "யானையைக் கட்டாயம் பார்த்துவிடலாமா?" என்பதுதான். பார்த்துவிடலாம் என்று உறுதி கூறும் ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்ட வேண்டாம் என்பதே என் முதல் அறிவுரை. அந்த வாக்கைக் காப்பாற்ற அவருடைய படகோட்டி விலங்குகளைத் துரத்தத்தான் வேண்டியிருக்கும்.

இந்த ஆற்றில் இரண்டே நாளில் நீள்மூக்குக் குரங்கு, இருவாச்சி, உப்புநீர் முதலை என்று பலவற்றைப் பார்க்க முடிவதற்குக் காரணம் காடு செழித்திருப்பது மட்டுமன்று. சமவெளிக் காட்டின் பெரும்பகுதி பாமாயில் தரும் செம்பனைத் தோட்டமாகிவிட்டதால், மிஞ்சிய உயிர்கள் கரையோரப் பட்டையில் நெருக்கியடித்து வாழ்கின்றன. 2005-இல் அறிவிக்கப்பட்ட கீழ்க் கினபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் ஏறத்தாழ 26,000 ஹெக்டேர் பரப்புடையது. அதுவும் ஒரே காடாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. உராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது என்பதால், கிளையாறுகளின் குறுக்கே அவை கடந்து செல்ல பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டும் தொங்குபாலங்கள் கட்டப்பட்டுள்ளன. இப்படி ஒதுங்க இடமில்லாத விலங்கின் அருகில்தான் நம் படகு போய் நிற்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

மாலை நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீள்மூக்குக் குரங்குகள் பொழுது சாயும்போது ஆற்றங்கரை மரங்களுக்கு உறங்க வந்துவிடும். ஒரு பக்கம் தண்ணீர் இருப்பதால் படைச்சிறுத்தை போன்ற வேட்டை விலங்குகளிடமிருந்து ஓரளவு பாதுகாப்பு. சுக்காவ் கிராமத்தை அடுத்துள்ள மெனங்குல் கிளையாறு குறுகலானது. அங்கே நான்கைந்து படகுகள் ஒரே மரத்தடியில் கூடினால், பெரிய ஆண் குரங்கு மூக்கால் உறுமத் தொடங்கும், தாய்கள் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கிளைக்கு நகரும், பிறகு மொத்தக் கூட்டமும் அந்த மரத்தையே விட்டுப் போய்விடும். இருட்டுவதற்குச் சற்று முன்பு பாதுகாப்பான மரத்தை இழப்பது அவற்றுக்குச் சிறிய இழப்பன்று. உறுமல் கேட்டவுடனேயே பின்வாங்கும் படகோட்டியே நல்ல படகோட்டி. நம்மவர்கள் சிலர் பதிலுக்குக் கைதட்டி விசிலடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அதைத் தடுப்பது வழிகாட்டியின் வேலை, தயங்கக் கூடாது.

ஆகவே பதிவு செய்யும்போது அறையின் குளிர்சாதன வசதியைக் கேட்பதற்கு முன் படகைப் பற்றிக் கேளுங்கள். விலங்கை நெருங்கும்போது பெட்ரோல் இயந்திரத்தை அணைத்துவிட்டு மின்மோட்டாரையோ துடுப்பையோ பயன்படுத்துவார்களா? ஒரு படகில் எத்தனை பேர்? வேறு படகுகள் முன்பே நின்றால் காத்திருப்பார்களா, இடித்துக்கொண்டு நுழைவார்களா? வேகமாகப் போகும் படகின் அலை மண்கரையை அரிக்கிறது; மீன்கொத்திகள் பொந்து குடைந்து முட்டையிடுவது அந்தக் கரையில்தான். உயிர்காப்பு மேலங்கி இல்லாத படகில், ஆறு எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும், ஏறவே வேண்டாம். முதலைகள் இருக்கும் ஆற்றில் கையை நீருக்குள் விடுவதும் அப்படித்தான்.

போர்னியோ யானைகள் கரையோரப் புல்லைத் தேடி ஆற்றின் போக்கிலேயே இடம் மாறிக்கொண்டிருப்பவை. சில வாரங்கள் கண்ணிலேயே படமாட்டா. அவை ஆற்றைக் கடக்கும்போது படகு குறுக்கே போனால் கூட்டம் இரண்டாகப் பிரியும், குட்டி நடு ஆற்றில் தடுமாறும். அந்த நேரத்தில் கரையோரமாக ஒதுங்கி இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

இரவுப் படகுப் பயணத்தை நான் பரிந்துரைப்பது அரிது. தாழ்ந்த கிளையில் உறங்கும் மீன்கொத்தி பலத்த ஒளி கண்ணில் பட்டதும் அசையாமல் இருந்துவிடும். அதை இசைவு என்று எண்ணி ஒவ்வொரு படகும் முகத்துக்கு நேரே விளக்கடிக்கிறது. போகத்தான் வேண்டுமென்றால் மங்கலான அல்லது சிவப்பு ஒளியை நொடிப்பொழுது மட்டும் காட்டுபவரோடு போங்கள். கேமராவின் பிளாஷை அறையிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

தங்குவதற்கு, பத்து புத்தே என்ற கிராமத்தில் உள்ளூர் மக்களின் கூட்டுறவு அமைப்பான கோப்பெல் நடத்தும் வீட்டுத்தங்கலைக் கருதிப் பார்க்கலாம். செலுத்தும் பணம் ஆற்றங்கரை மக்களான ஓராங் சுங்கை குடும்பங்களுக்குச் செல்கிறது. துங்கோக் ஏரியை மூடும் சால்வினியா களையை அகற்றுவதிலும் மரக்கன்று நடுவதிலும் அவர்களே ஈடுபடுகிறார்கள்.

சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் மலேரியா உண்டு. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். சளி, இருமல் இருப்பவர்கள் உராங்குட்டான் இருக்கும் இடங்களுக்குப் போகக் கூடாது, நம் சுவாசத் தொற்று அவற்றையும் தாக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மழையில் ஆறு பெருகி நடைபாதைகள் மூழ்குவதுண்டு. முதன்முறை வருபவர்களுக்கு ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களே வசதி. சபாவின் கிழக்குக் கரை நகரமான சண்டாக்கானிலிருந்து சாலை வழியாகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஒரே இரவுத் தங்கலுக்கு ஒப்புக்கொள்ளாமல் குறைந்தது இரண்டு இரவுகள் கேளுங்கள். அப்போது ஒரே மாலையில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டிய அவசரம் படகோட்டிக்கு இருக்காது.