எழுப்பலா, விழிப்பூட்டலா?

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இயங்குதளப் பாடக்குறிப்பில் ‘வேக்கப்’ என்பதை ‘விழிப்பூட்டல்’ என்று போட்டிருக்கிறார்கள். மாணவர்களும் அதையே தேர்வில் எழுதுகிறார்கள், நேர்முகத்தில் சொல்கிறார்கள். இது நிலைத்துவிடும் முன் மறுத்தாக வேண்டும்; ‘எழுப்பல்’ என்பதே சரி.

பொருள் எளிது. ஒரு டாஸ்க், அதாவது இயங்கும் ஒரு நிரலோட்டம், தரவு வரவோ, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு கிடைக்கவோ காத்திருக்கிறது. அதுவரை சிபியுவை வீணாகப் பிடித்துவைக்காமல் இயங்குதளத்தின் மையமான கர்னல் அதை உறங்க வைக்கிறது. எதிர்பார்த்தது வந்ததும் இன்னொரு டாஸ்க்கோ, வன்பொருள் அனுப்பும் குறுக்கீடான இன்டரப்டோ அதை எழுப்புகிறது. 1970களின் யூனிக்ஸ் இயங்குதளத்திலேயே ஸ்லீப், வேக்கப் என்ற இரு செயற்கூறுகள் இதற்கென இருந்தன.

எழு தன்வினை, எழுப்பு பிறவினை. “மாமீர் அவளை எழுப்பீரோ” என்று ஆண்டாள் கேட்கையில் எழுப்புபவர் ஒருவர், உறங்குபவர் வேறொருவர். விழித்தல் அப்படியல்ல. “உறங்கி விழிப்பது போலும் பிறப்பு” என்ற குறளில் விழிப்பவரும் உறங்கியவரும் ஒருவரே.

‘ஊட்டு’ சேர்ந்தால் விழிப்பும் பிறவினை ஆகிவிடுமே என்பார்கள். ஆகும். ஆனால் அறிவூட்டல், நினைவூட்டல் என்னும்போது ஊட்டியது உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்றே கொள்கிறோம். கர்னலில் அந்த உறுதி கிடையாது. லினக்ஸ் இயங்குதளத்தின் வேக்கப், டாஸ்க்கின் நிலையை ‘டாஸ்க் ரன்னிங்’ (ஓடத் தயார்) என்று மாற்றி, சிபியுவுக்காக நிற்கும் வரிசையான ரன் கியூவில் சேர்க்கிறது, அவ்வளவுதான். சிபியு அதன் கைக்கு எப்போது வரும் என்பதை முறை பங்கிடும் ஷெட்யூலர் முடிவு செய்யும். வந்தபின்பும் டாஸ்க், தான் காத்திருந்த நிபந்தனை நிறைவேறியதா என்று மறுபடி பார்க்க வேண்டும். வேறொருவர் முந்திக்கொண்டிருந்தால் திரும்ப உறங்கப் போக வேண்டும். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீடுகளில் “எழுப்பினேன், எழும்பல்ல” என்பார்கள். எழுப்புவது வேறு, எழும்புவது வேறு என்பது அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. விழிப்பூட்டல் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே டெங்கு விழிப்புணர்வுப் பேரணிதான் நினைவுக்கு வருகிறது.

உறக்கத்துக்கும் ‘தூக்கம்’ வேண்டாம். தூங்குதலின் பழம்பொருள் தொங்குதல். கணினி ‘தொங்கிவிட்டது’ என்பது தனிக் கோளாறு. இரண்டையும் கலக்கக் கூடாது. குமரி மாவட்டத்தில் உறங்குதல்தான் அன்றாடச் சொல், அதையே வைத்துக்கொள்ளலாம்.

பெருங்கேடு ‘லாஸ்ட் வேக்கப்’, அதாவது ‘தொலைந்த விழிப்பு’ என்று பெயர்க்கப்படும் கோளாறு. டாஸ்க் நிபந்தனையைப் பார்க்கிறது, நிறைவேறவில்லை. உறங்கப் போகும் முன், அந்த இடுக்கில், இன்னொருவர் நிபந்தனையை நிறைவேற்றி எழுப்பலையும் அனுப்பிவிடுகிறார். உறங்குபவர் யாருமில்லை, எழுப்பல் வீண். அதன்பின் உறங்கிய டாஸ்க் வேறு யாராவது எழுப்பினாலொழிய அப்படியே கிடக்கும். தொலைந்த பொருளைத் தேடி எடுக்கலாம்; இதை எடுக்க முடியாது. ‘வீண் எழுப்பல்’ என்றும் சொல்லக் கூடாது, காரணமின்றி எழுப்பப்படுவதற்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கிறது. ‘எட்டாத எழுப்பல்’ என்பதே என் பரிந்துரை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறந்த அளவுக்கு நிரலைத் திறப்பதில்லை. திறந்திருந்தால் இந்தக் கேட்டுக்கான தீர்வு கண்ணில் பட்டிருக்கும்: முதலில் காத்திருப்பு வரிசையில் பெயரைச் சேர்த்து, ‘டாஸ்க் இன்டரப்டிபிள்’ (உறங்கும் நிலை) என்று நிலையை மாற்று, பிறகு நிபந்தனையைப் பார், அதன்பின்தான் சிபியுவை விட்டுக்கொடுக்கும் ‘ஷெட்யூல்’ செயற்கூறை அழை. இடையில் எழுப்பல் வந்தால் நிலை மறுபடி ‘டாஸ்க் ரன்னிங்’ ஆகிவிடும், டாஸ்க் உறக்கத்தில் சிக்காது. இந்த ஒழுங்குக்கு இடம் தராத பழைய ‘ஸ்லீப் ஆன்’ செயற்கூறுகளை 2014இல் லினக்ஸ் 3.15 அடியோடு நீக்கியது.

எழுப்ப வேண்டிய டாஸ்க்குகளைக் குறித்துவைக்கும் லினக்ஸின் ‘வேக் கியூ’வுக்கும் இதே வேர்ச்சொல் போதும். பூட்டைக் கையில் வைத்தபடியே எழுப்பினால், எழும்பியவர் அதே பூட்டுக்காக மீண்டும் நிற்க நேரும். ஆகவே எழுப்ப வேண்டியவர்களைப் பட்டியலில் குறித்துக்கொண்டு, பூட்டை விட்டபின் எழுப்புகிறார்கள். அதற்குள் டாஸ்க் முடிந்து அதன் நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதால், குறிக்கும்போதே, அதை இன்னும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் ரெஃபரன்ஸ் கவுண்ட்டில் ஒன்று கூட்டுவார்கள், எழுப்பியபின் குறைப்பார்கள். இதை ‘எழுப்பல் பட்டியல்’ என்றால் மாணவருக்கு யார் யாரை எழுப்புவது என்பது கேட்டவுடன் விளங்கும்.