கேட்டால்தான் கிடைக்கும்: வேல்ஸில் கவுன்சில் வரிச் சலுகைகள்

கவுன்சில் வரி, அதாவது வசிக்கும் வீட்டுக்கு உள்ளாட்சிக் கவுன்சில் விதிக்கும் வரி, கட்டவில்லை என்பதற்காக வேல்ஸில் இப்போது யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. 2019 ஏப்ரலில் அந்தத் தண்டனையை ஒழித்துவிட்டார்கள். ஜப்தி ஆட்கள் வீட்டு வாசலுக்கு வருவது மட்டும் ஒழியவில்லை. அப்படி வந்து நின்ற வீடுகளின் கடிதங்களைப் பிரித்துப் படித்திருக்கிறேன். வேண்டுமென்றே ஏமாற்றியவர்களை அங்கே நான் பார்க்கவில்லை. கட்டவே தேவையில்லாத வரிக்காக விரட்டப்பட்டவர்களையும், கேட்டிருந்தால் பாதிக்கு மேல் குறைந்திருக்கும் தொகைக்காகக் கடன் வாங்கியவர்களையும்தான் பார்த்தேன்.

பின்னணி சுருக்கமாக. மெர்த்தர் டிட்வில், கெயர்ஃபிலி, ரெக்ஸம் போன்ற உள்ளாட்சிக் கவுன்சில்கள்தான் இந்த வரியை விதித்து வசூலிக்கின்றன. வீடுகள் 2003ஆம் ஆண்டு மதிப்பின்படி ‘ஏ’ முதல் ‘ஐ’ வரை பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பில்லில் காவல்துறையின் பங்கும், சில ஊர்களில் சமூகக் கவுன்சில் என்ற சிற்றூர் மன்றத்தின் பங்கும் சேர்ந்தே வரும். குறைந்த வருமானக்காரர்களுக்கான வரிக் குறைப்புத் திட்டம் 2013 முதல் வேல்ஸ் முழுவதற்கும் ஒரே விதிகளின்படி நடக்கிறது. உழைக்கும் வயதினருக்கும் முழு வரியையும் தள்ளுபடி செய்ய அதில் இடமிருக்கிறது. இங்கிலாந்தின் பல ஊர்களில் அது கிடையாது.

இந்தக் குறைப்பு, குறைந்த வருமானக்காரர்களுக்கு மத்திய அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவிக்குள் அடங்கியது அல்ல. அதற்கு விண்ணப்பித்துவிட்டோம், கவுன்சிலுக்கும் தகவல் போயிருக்கும் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தானாக வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். கவுன்சிலில் அன்றைக்கே தனியாக விண்ணப்பியுங்கள். தாமதமானால் முந்தைய காலத்துக்குப் பொதுவாக மூன்று மாதம்தான் தருவார்கள். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் பெரும்பாலோருக்குக் கதவு மூடிவிடும். ஊரில் உங்கள் பெயரில் கிடக்கும் மனையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்குப் போகும் மகனோ மகளோ உடன் வசித்தால் குறைப்பிலிருந்து ஒரு தொகையைக் கழிப்பார்கள்.

விசாவில் இருப்பவர்கள் அடுத்த வரியை இரண்டு முறை படியுங்கள். உங்கள் விசாவில் ‘பொது நிதி (அரசு உதவிகள்) பெற உரிமை இல்லை’ என்ற நிபந்தனை இருந்தால், இந்த வரிக் குறைப்புக்கு விண்ணப்பிக்கவே கூடாது. குடிவரவு விதிகளில் இது பொது நிதிப் பட்டியலில் இருக்கிறது. முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களிடம் இதே படிவத்தை நீட்டி ‘நிரப்பிக் கொடுங்கள், கிடைத்தாலும் கிடைக்கும்’ என்று சொல்லும் ஊழியர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பின்னால் விசா நீட்டிப்பில் சிக்கல் வந்தால் அவர்கள் வந்து நிற்கப்போவதில்லை. தனியாக வசிப்பவருக்கான 25 சதவீதக் கழிவும், மாணவர்களுக்கான விலக்கும் பொது நிதி அல்ல. அவற்றைத் தயங்காமல் கேளுங்கள். கணவன் மனைவியில் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகனாக இருந்து மற்றவர் விசாவில் இருந்தால், அங்கீகாரம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

மாணவர் விஷயத்தில்தான் அலைக்கழிப்பு உச்சம். முழுநேர மாணவர்கள் மட்டுமே வசிக்கும் வீட்டுக்கு வரி இல்லை. உடன் வசிக்கும் மனைவியோ கணவனோ மாணவர் இல்லை என்றால் உடனே பில் அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் துணை பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவராகவும், விசா நிபந்தனைப்படி வேலை செய்யவோ அரசு உதவிகள் பெறவோ தடை உள்ளவராகவும் இருந்தால், விலக்கு அப்படியே நிற்கும். இரண்டு தடைகளில் ஒன்று இருந்தாலே போதும். ‘அவர் வேலைக்குப் போகலாமே, அதனால் வரி உண்டு’ என்று வரும் பதில் கடிதத்தை ஏற்காதீர்கள். வேலைக்குப் போகலாம், அரசு உதவி பெற முடியாது. ஆகவே விலக்கு உண்டு. பல்கலைக்கழகம் தரும் சான்றையும், பொது நிதி இல்லை என்று காட்டும் இ-விசா (இணையத்தில் உள்ள விசாப் பதிவு) பக்கத்தின் நகலையும் சேர்த்து எழுத்தில் பதில் அனுப்புங்கள். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுப்பார், முதலிலிருந்து கதை கேட்பார், குறிப்பு எதுவும் இல்லை என்பார்.

விலக்கு விசா முடியும் நாள் வரை ஓடாது. படிப்பு முடியும் தேதியோடு அது முடிகிறது. முதுகலை முடித்து, படிப்புக்குப் பின் தங்கி வேலை செய்ய உதவும் பட்டதாரி விசாவுக்கு மாறும் பிள்ளைகளுக்கு மாதங்கள் கழித்து மொத்தமாகப் பில் வருவது இதனால்தான். படிப்பு முடிந்த வாரத்திலேயே கவுன்சிலுக்குத் தெரிவித்துவிடுங்கள். மாணவர்களோடு மாணவர் அல்லாத ஒரே ஒருவர் தங்கியிருந்தால் பொதுவாக அவர் மட்டுமே பொறுப்பு, அதிலும் 25 சதவீதம் கழியும்.

தனித்தனி அறையாக வாடகைக்கு விட்ட வீடுகளில் கவுன்சில் வரி வீட்டுக்காரருடைய பொறுப்பு. சில வீட்டுக்காரர்கள் குடியிருப்பவரின் பெயரைக் கவுன்சிலுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். உங்கள் ஒப்பந்தம் ஓர் அறைக்கு மட்டுமே என்றால் அந்த ஒப்பந்தத்தின் நகலை அனுப்பி, பில்லை வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மறதி நோய் வந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு சலுகை உண்டு. பலருக்கு அது தெரியவே தெரியாது. டாக்டர் சான்றும், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான அரசு உதவித்தொகை) போன்ற உதவிக்கான தகுதியும் இருந்தால், அவரை வரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தனியாக வசித்தால் முழு விலக்கு. துணையோடு வசித்தால் 25 சதவீதம் குறையும். நிபந்தனைகள் எந்த நாளிலிருந்து பொருந்தினவோ அந்த நாளிலிருந்து கணக்கிட்டுத் திருப்பித் தரும்படி கேளுங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்துதான் தருவோம் என்பதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும். அதற்கும் கட்டாவிட்டால் ஆண்டு முழுவதற்கும் மீதமுள்ள தொகையை ஒரே தடவையில் கேட்பார்கள், பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சம்மன், அதன்மேல் செலவுத்தொகை. முறையீடு செய்திருந்தாலும் வசூல் தானாக நிற்காது. ‘முறையீடு முடியும்வரை நடவடிக்கையை நிறுத்திவையுங்கள்’ என்று தனியாக எழுதிக் கேளுங்கள். முடிந்த தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

முறையீடு முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் போக வேண்டும். இரண்டு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் பாதகம் என்றால் வேல்ஸ் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

அதுவரை ஃபைல் நகரவில்லை என்றால் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதுங்கள். மாதக்கணக்கில் கிடந்த ஃபைல் கவுன்சிலரின் ஒரு மின்னஞ்சலில் நகர்ந்ததைக் கண்டிருக்கிறேன். அப்படி நகர முடியுமென்றால் இத்தனை நாள் ஏன் கிடந்தது என்பது வேறு கேள்வி. நீங்களும் அவருடைய வாக்காளராக முடியும். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இந்திய, இலங்கைக் குடிமக்கள் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்தாலும் வாக்காளர் பட்டியலில் சேரலாம். 16 வயதினரும் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்தத் தேர்தலுக்குப் புகைப்பட அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். அடுத்த கவுன்சில் தேர்தல் 2027 மே மாதம். பதியும்போது தேசியக் காப்பீட்டு எண் கேட்பார்கள். இல்லையென்றால் இல்லாத காரணத்தை எழுதி, அவர்கள் கேட்கும் மாற்று ஆவணத்தைக் கொடுங்கள்.