உண்ணி நடக்காது, மாடு நடக்கும்

திருகோணமலைக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்களுக்கு மான் புதிதல்ல. கச்சான் வாங்கினால் பக்கத்தில் வந்து நின்று கையைப் பார்க்கும், அசந்தால் கடதாசிச் சுருளையும் சேர்த்துத் தின்னும். அடுத்த முறை அதன் காதுமடலின் உட்புறத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உளுந்து மாதிரி, சாம்பல் நிறத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது உண்ணி. மான் படுத்தெழும்பிய அதே நிழலில் மத்தியானம் மாடு படுக்கும், இரவில் தெருநாய் படுக்கும். இப்படி ஒன்றின் இரத்தத்தில் இருக்கும் கிருமி இன்னொன்றுக்குப் போய்ச் சேர அந்த உளுந்து போதும்.

உண்ணி பூச்சியல்ல, சிலந்தியின் உறவு. முட்டையிலிருந்து வரும் குடம்பிக்கு ஆறு கால். அடுத்த பருவமான அணங்குக்கும் வளர்ந்த உண்ணிக்கும் எட்டு. மாட்டிலும் நாயிலும் நாம் காண்கிறவற்றுக்குப் பருவத்துக்கு ஒன்றாக, வாழ்நாளில் மூன்றே மூன்று சாப்பாடு. சில இனங்கள் மூன்றையும் ஒரே மாட்டில் முடித்துவிடும். சாதாரண மாட்டுண்ணி அப்படித்தான், ஏறிய மாட்டிலேயே ஏறக்குறைய மூன்று வாரம் குடியிருக்கும். நாயுண்ணி ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இறங்கி, தோல் கழற்றி, புதிதாக ஒரு உடம்பைத் தேடும். கிருமியின் வழியைத் தேடுகிறவர் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த இனத்துக்கு எத்தனை வீடு?

சிறகு கிடையாது, பாயவும் தெரியாது. புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை விரித்துக்கொண்டு காத்திருக்கும். மூச்சிலிருந்து வரும் காபனீரொட்சைட்டை உணரும் உறுப்பு அந்தக் கால்களில்தான் இருக்கிறது. தானாக நகர்வது சில மீற்றர். ஊர்விட்டு ஊர் போவதெல்லாம் அடுத்தவர் முதுகில்.

அந்த முதுகுகள் எங்கே போகின்றன என்று எங்கள் பக்கத்துப் பட்டிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பெரும்போகம் விதைத்துவிட்டால் வயல் பக்கம் மாடு தலைகாட்ட முடியாது. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பட்டிகள் காட்டோரத்துக்குப் போகும். வெட்டு முடிந்ததும் ஒட்டுப்புல் மேயத் திரும்பிவரும். காட்டோரத்தில் மானும் மரையும் விட்டுப்போன உண்ணி மாட்டில் ஏறும், மாட்டிலிருந்து வயலில் விழும். உண்ணிக் கிருமிக்கு வரைபடம் போடுவது பாதி வேலை மாட்டுத் தடத்துக்கு வரைபடம் போடுவதுதான் என்பேன்.

உண்ணி நோயைக் கடத்துகிறது என்று கண்டுபிடித்த கதையும் மாட்டுத் தடத்தில் தொடங்கியதுதான். அமெரிக்காவின் தெற்கிலிருந்து ஓட்டிவந்த மாடுகள் பார்வைக்கு நல்ல சுகமாக இருக்கும். அவை நடந்துபோன வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் செத்து விழும். தியோபால்ட் சிமித், கில்போர்ன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தெற்கத்தி மாடுகளின் உண்ணிகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு வடக்கத்தி மாடுகளோடு சேர்த்துக் கட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மாடே இல்லாமல் உண்ணியை மட்டும் புல்லில் தூவினார்கள்; நோய் வந்தது. 1893இல் வெளிவந்த இந்த முடிவு, நுளம்பு மலேரியாவைப் பரப்புகிறது என்று தெரிவதற்கும் முந்தியது. கிருமி, செங்குழியத்துக்குள் வாழும் பபீசியா. தாய் உண்ணியிடமிருந்து அது முட்டைக்கும் போகிறது என்பதுதான் இதில் பெரிய வியப்பு. இன்னும் ஒரு சொட்டு இரத்தம் குடிக்காத குஞ்சுகூட நோயோடு பிறக்கலாம். இலங்கை மாடுகளிலும் பபீசியா உண்டு. ஊர் மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஜேர்சி, பிரீசியன் என்று வாங்கி வந்தது காய்ந்து, சிறுநீர் சிவந்து படுத்துவிடும்.

சரி, இன்றைக்கு எப்படித் தேடுகிறார்கள்? முதற்கருவி ஒரு வெள்ளைச் சீலை. ஒரு மீற்றர் சதுரத் துணியைக் கம்பில் கட்டிப் புல்மேல் மெதுவாக இழுத்துப் போவார்கள். பத்திருபது அடிக்கொருமுறை புரட்டிப் பார்த்தால், மாடு வந்ததென்று நம்பி ஏறியவை கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். சாவணத்தால் எடுத்து எதனோல் குப்பிக்குள் போட வேண்டும். இடம், திகதி, விலங்கு எல்லாம் எழுதிய துண்டும் குப்பிக்குள்ளேயே போகும். அதைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை எதனோலில் கரைந்தால் அத்தனை உண்ணியும் வெறும் உண்ணியாகிவிடும்.

ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் வாயுறுப்பையும் முதுகுத் தகட்டையும் பார்த்து இனம் பிரிப்பார்கள். பிறகு அரைத்து டி.என்.ஏ எடுத்து, பி.சி.ஆர் முறையில் கிருமியின் மரபணுத் துண்டொன்றை மட்டும் பெருக்குவார்கள். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாவதால், முப்பது சுற்றில் ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டும். ஒவ்வொரு உண்ணியாகச் சோதித்தால் கட்டாது. இருபது இருபதாகச் சேர்த்து அரைப்பதுண்டு. இருநூறு உண்ணியில் பத்துக் கூட்டம். இரண்டில் கிருமி தெரிந்தால், குறைந்தது நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள். கூட்டத்துக்குள் எத்தனை என்று தெரியாததால்தான் அந்தக் 'குறைந்தது'.

சறுக்குகிற இடம் இதற்கு அப்புறம் வருகிறது. மாட்டிலிருந்து பிடுங்கிய உண்ணியின் வயிற்றில் மாட்டின் இரத்தம் நிறைய இருக்கும். அதில் கிருமி தெரிந்தால் அது மாட்டின் இரத்தத்தோடு வந்ததாகவே இருக்கலாம். உண்ணி அதைக் கடத்துகிறதா என்பது வேறு கேள்வி. சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்தவரே சமைத்தார் என்று சொல்வதுபோல. அதனால்தான் சீலையில் ஏறிய பட்டினி உண்ணிக்கு மதிப்பு அதிகம். அதில் கிருமி இருந்தால், முந்திய பருவத்திலோ தாயிடமோ வாங்கி, தோல் கழற்றிய பின்னும் உயிரோடு வைத்திருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியைத் தனியே பிரித்துப் பார்த்தால் சந்தேகம் இன்னும் குறையும், ஏனென்றால் கடிக்கும்போது கிருமி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியே வரும். ஆனால் நாயின் ஹெப்பற்றோசூன் என்ற கிருமி அப்படியல்ல. நாய் உண்ணியைக் கடித்து விழுங்கினால்தான் ஏறும்.

பெயரும் குழப்பும். பத்திரிகையில் 'உண்ணிக்காய்ச்சல்' என்று வருவதில் பல, சிற்றுண்ணி என்ற வேறொரு நுண்ணிய பிராணியின் குடம்பி கடித்து வருவது. அதைச் சீலையால் வயலில் தேடினால், எலியைப் பிடித்துக் காதைப் பார்க்கிறவரிடம் தோற்றுப்போவீர்கள்.

மனிதரிடமிருந்து உண்ணி சேகரிக்கத் துணி இழுக்கவும் தேவையில்லை. இலங்கையில் காதுக்குள் உண்ணி ஏறுவது வழமையான கதை. இரவெல்லாம் காதுக்குள் ஏதோ நகம் பிராண்டுகிற சத்தம், விடிந்ததும் காது வைத்தியர். நீங்களாகக் குத்திக் கிளற வேண்டாம். எடுத்துத் தந்ததை அங்கேயே எறியாமல் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அது அணங்குப் பருவம். அதன் வயிற்றில் அதற்கு முந்திய சாப்பாட்டின் சுவடு கொஞ்சம் மிஞ்சியிருக்கக்கூடும். மானா, மாடா, உங்கள் வளவு நாயா என்று அதிலிருந்து தேடலாம். ஒரு குப்பி, கொஞ்சம் எதனோல், பென்சிலால் ஊர்ப் பெயரும் திகதியும்.